மவுஸுக்கு வந்த மவுசு

அவள் இன்டர்வியூ அறைக்குள் நுழைந்ததுமே, அங்கே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் சட்டென எழுந்து, "வணக்கம் மேடம்" என்றார். இன்டர்வியூ எடுக்கிற அதிகாரி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அவளுக்கு மனசு குளிர்ந்து போனது.

இதுவரை நான்கு இன்டர்வியூவில் கோட்டை விட்டிருந்தாள். "இன்னைக்கு வேலையோடதான் வீட்டுக்கு வருவேன்" என்று அக்காவிடம் சவடால் வேறு அடித்துவிட்டு வந்திருந்தாள்.

"இந்த மவுஸ் அசையவே மாட்டேங்குது மேடம்." மேசையிலிருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரைக் காட்டினார் அவர்.

ஆஹா, பரீட்சை ஆரம்பித்துவிட்டது!

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைப் பிடுங்கி மறுபடி செருகினாள். அடியில் சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அம்புக்குறி மட்டும் மசியவில்லை. கீபோர்டிலேயே கட்டளைத் திரையைத் திறந்தாள்.

"மவுஸ் வந்திருக்குன்னு சிஸ்டத்துக்குத் தெரியுதான்னு முதல்ல பார்க்கணும். அதுக்கு ஒரு கட்டளை இருக்கு: எல், எஸ், யூ, எஸ், பி." தட்டியதும் வந்த பட்டியலில் மவுஸின் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "தெரியுது! அப்போ வயர் மேல பழி போட முடியாது."

கண்ணாடிக்காரர் நோட்டில் மளமளவென்று எழுதினார். மார்க் போடுகிறார் போல!

"அப்புறம் மேடம்?"

"கரண்டை மிச்சம் பிடிக்கிறேன்னு சிஸ்டமே இதைத் தூங்க வெச்சிடுது. இங்க 'ஆட்டோ'ன்னு இருக்கு பாருங்க, அதை 'ஆன்'னு மாத்திட்டாப் போதும்."

பாஸ்வேர்டு திரையோரம் ஒட்டிய சீட்டிலேயே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அதையும் தட்டி, என்டர் பட்டனில் ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

அம்புக்குறி துள்ளி ஓடியது.

"ஓடுது, ஓடுது!" கண்ணாடிக்காரர் கைதட்டினார். அவளும் தன்னை மறந்து கைதட்டினாள். ஆளுக்கொரு தடவை மவுஸைச் சுற்றிச் சுற்றி விட்டுப் பார்த்து, இருவரும் சின்னப் பிள்ளைகளைப் போலச் சிரித்தார்கள்.

"பிரமாதம் மேடம்! இவ்வளவு தெளிவா எனக்கு யாருமே சொன்னதில்ல."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை கிடைத்த மாதிரிதான்! எப்போது சேரச் சொல்வார்? நாளைக்கா, திங்கட்கிழமையா? கேட்டே விடலாமென்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் நோட்டை மூடிவிட்டு, கைகட்டி நின்று, பவ்யமாகக் கேட்டார்:

"நான் என்னைக்கு வேலையில சேரணும் மேடம்?"