பேட்டரிக்குக் கீழே

பேட்டரியைத் தூக்கியதும் பரிசோதகரின் கை நின்றது.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதற்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

பந்தய வண்டியின் ஓட்டுநர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உடுப்பிலிருந்து மழைத்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தை ஜெயித்து, கோப்பை அவனுக்குத்தான் என்று ஆகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கொட்டகைக்கு வெளியே கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு தோற்றவர்கள் நின்றார்கள். புகார் கொடுத்ததும் அவர்கள்தான். நாலு வருடம் கடைசி வரிசையில் உருட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஆறு பந்தயங்களை ஜெயித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் மழையில், மற்றவர்கள் வண்டியெல்லாம் வழுக்கிச் சுற்றும் வளைவில், இவன் வண்டி மட்டும் தண்டவாளத்தில் போவதுபோல் போனால்?

சக்கரம் வழுக்கினால் இன்ஜினைத் தானாக அடக்கி வண்டியை நேராக்கும் கருவி அது. பிடிபட்டால் ஆயுள் தடை. தெரிந்துதான் அதைப் பொருத்தித் தரச் சொல்லிக் கேட்டான். வண்டிக்கு ஒயரிங் பார்ப்பவள் சொந்த அக்கா. முடியவே முடியாது என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், தம்பி சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து நாலாம் நாள் மனம் இளகிவிட்டாள்.

பெட்டி வந்ததும் அவனைப் பிடித்திருந்த பயம் விட்டுப்போனது. எந்த வளைவிலும் கால் தயங்கவில்லை. எப்படியும் பெட்டி பார்த்துக்கொள்ளும். பந்தயத்துக்கு முன் பேட்டரிக்குக் கீழே விரலை விட்டு, இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான். அவ்வளவுதான்.

இப்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். ஆனால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. திருடினான், பிடிபட்டான். நாளைக்கு ஊரே காறித் துப்பினாலும் நியாயம்தான். துடைத்துக்கொண்டு வேறு பிழைப்பைப் பார்க்கலாம்.

பரிசோதகர் பெட்டியிலிருந்து கிளம்பிய ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு சாண் போனதும் ஒயர் முடிந்துவிட்டது. நுனியில் டேப் சுற்றியிருந்தது. இன்னொரு ஒயரைப் பிடித்தார். அதுவும் அப்படியே.

அவர் நிமிர்ந்து, வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள்.

“முதல் ரேஸுக்கு முன்னாடியே ஓட்டிப் பார்த்தேன்டா, இன்ஜின் நின்னு நின்னு போச்சு. அப்புறமா சரி பண்ணிக்கலாம்னு பிடுங்கி விட்டேன். நீ ஜெயிச்சுட்டு வந்து, எல்லாம் உன் பெட்டிதான்க்கான்னு கட்டிப் பிடிச்சுக்கிட்ட. அதுக்கப்புறம் நான் எப்படிடா சொல்றது?”

பரிசோதகர் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். கருவி வேலை செய்ததா என்று விதியில் எங்கும் கேட்கவில்லை. வண்டியில் இருந்ததா என்றுதான் கேட்டிருந்தது. இருந்தது.

ஆறு பந்தயங்கள். அந்த வளைவு, அந்த மழை, எல்லாமே அவன் ஓட்டியது. அவன் மட்டும். இனி எந்தத் தடத்திலும் அவனை ஏற விடமாட்டார்கள்.

அவன் ஈரத் தரையில் பரிசோதகரின் காலருகே மண்டியிட்டான்.

“சார், இன்னொரு தடவை நல்லாப் பாருங்க சார். அந்த ஒயர் எங்கயாவது போய்ச் சேர்ந்திருக்கும்.”