அடுப்படியில் விருந்தாளி

"ரெண்டு கையாலயும் வாங்கணும், லைல்! ஒத்தக் கையால வாங்கினா அவங்க ஊர்ல மரியாதைக் குறைவு. எத்தனை தடவை சொல்றது?"

"மூணு தடவை சொல்லிட்ட. காபி ஆறுது, குடி."

வெர்னா காபியை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் கார் எதுவும் இல்லை. அமெரிக்காவின் வடகோடி ஊரான டுலூத்தில் மார்ச் மாதப் பனி சேறாகிக் கிடந்தது. மகள் பிரிட்டா விமான நிலையம் போய் ஒரு மணி நேரமாகிறது. அவளைப் பெற்றெடுத்த திருமதி ஹான் கொரியாவின் சியோலிலிருந்து முதல்முறையாக வருகிறார்.

வெர்னாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்திலிருந்து எடுத்து வந்த கொரியப் பழக்கவழக்கப் புத்தகம் அவளுக்கு மனப்பாடம். கணவன் லைலுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

"வந்ததும் கட்டிப் பிடிச்சுடாத."

"நான் என் தம்பியவே கட்டிப் பிடிச்சதில்ல."

"வயசுல மூத்தவங்கதான் முதல்ல ஸ்பூன் எடுக்கணும். அப்ப நீதான் எடுக்கணும். சும்மா உக்காந்திருந்தா அவங்க பட்டினிதான்."

"நம்ம ஊர்ல முதல்ல கை வச்சா பறக்காவெட்டின்னுல்ல நினைப்பாங்க?"

"அதான் சொல்றேன், எல்லாம் தலைகீழ்! பரிசு குடுத்தா உடனே பிரிக்கக் கூடாது. முக்கியமா, ரெண்டு தடவை வேணாம் வேணாம்னுட்டு மூணாவது தடவை வாங்கிக்கிற நம்ம பழக்கம் இருக்கே, அதை மூட்டை கட்டி வை."

"நாம நாமளா இருந்தா போதாதா, வெர்னா?"

"போதாது. ஒரு தப்பு போதும், 'இந்த வீட்லயா இவ இருக்கா'ன்னு நினைச்சுடுவாங்க. 'என்கூட வந்துடு'ம்பாங்க. பிரிட்டாவும் ரெண்டு வருஷமா கொரியன் கத்துக்கிறா. போயிடுவா, லைல். நமக்கு இருக்கிறது ஒரே பொண்ணு."

"அவங்களுக்கும் உரிமை இருக்கே" என்றான் லைல் மெதுவாக.

"இருக்கட்டும். அவங்கள எப்படிக் கூப்பிடுவா? அம்மான்னா?"

வாசலில் கார் வந்து நின்றது.

வெர்னா இடுப்பு ஒடியக் குனிந்தாள். திருமதி ஹான் அதைவிடத் தாழக் குனிந்தார். யார் முதலில் நிமிர்வது என்று புத்தகத்தில் இல்லை. பிரிட்டாதான் இருவரையும் தோளைத் தொட்டு நிமிர்த்தினாள்.

திருமதி ஹான் நீட்டிய துணி மூட்டையை வெர்னா இரண்டு கைகளாலும் வாங்கி, பிரிக்காமல் பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரிட்டாவுக்கு இன்று இருபத்தாறு வயது.

ஆனால் வந்தவரோ அந்த மூட்டையைத் தானே பிரித்தார். உள்ளே காய்ந்த கடற்பாசி. அதை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய், பிரிட்டாவிடம் பாத்திரம் கேட்டார்.

"பார்த்தியா, நம்ம சாப்பாட்டைப் பார்த்ததுமே பிடிக்கல" என்று வெர்னா கணவனின் காதைக் கடித்தாள். அவள் ஆசையாகச் சுட்டெடுத்த, உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்ந்த ஹாட்டிஷ் மேஜையில் ஆறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கூடத்துக்கும் அடுப்படி வாசலுக்குமாக நடந்தாள். உள்ளே இருவரும் கொரியனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

கடைசியில் திருமதி ஹான் ஒரு கிண்ணம் நிறைய சூப்போடு வந்தார். பிறந்தநாள்காரிக்கு என்று நினைத்து வெர்னா விலகி வழிவிட்டாள். அவரோ கிண்ணத்தை வெர்னாவிடம் நீட்டினார்.

"ஐயோ, வேணாம், பரவாயில்ல..." படித்ததெல்லாம் பறந்துவிட்டது. மறுபடி நீட்டினார். "இல்லல்ல, நீங்க சாப்பிடுங்க..."

"மறுக்காதம்மா." பிரிட்டாவின் கண்கள் சிவந்திருந்தன. "அவங்க ஊர்ல குழந்தை பிறந்ததும் தாய்க்குக் குடுக்கிற சூப் இது."

"அதை எதுக்கு எனக்கு?"

தலை குனிந்தபடி திருமதி ஹான் ஏதோ சொன்னார். பிரிட்டா அதை மொழிபெயர்த்துச் சொன்னாள்:

"'இவளைப் பெத்தன்னிக்கு எனக்குக் குடுத்தாங்க. நான் குடிச்சு முடிச்சப்ப பக்கத்துல தொட்டில் காலியா இருந்தது. இவளுக்குத் தாயானதுக்கு உங்களுக்குத்தான் இன்னும் யாரும் குடுக்கல'ங்கிறாங்கம்மா."

வெர்னா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.