தெருநாய்தாங்க சிஸ்டர்

“வீட்டு நாயா, தெருநாயா?”

நர்ஸ் சுகன்யா கேட்டதும் செல்லமுத்து வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மருந்து நெடி ஆகாது என்று முந்தானையால் முகத்தை மூடியபடி அவர் மனைவி ஜெயசித்ரா கதவோரம் நின்றிருந்தாள். காது மட்டும் உள்ளே இருந்தது.

உண்மையைச் சொன்னால் மைனருக்கு இன்றோடு வீடு இல்லை.

மைனர், அவர்கள் வளர்க்கும் கிழட்டு நாய். கண் மங்கிவிட்டது, கோபம் மங்கவில்லை. போன மாதம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரின் பேன்ட்டைக் கிழித்தபோதே ஜெயசித்ரா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

“இனிமே யாரு மேலயாவது பல்லு பட்டுச்சு, செந்துறை பஸ்ல ஏத்தி வுட்டுட்டு வந்துருவேன்.”

செய்யக்கூடியவள்தான். டிக்கெட்டும் எடுத்துக் கொடுப்பாள்.

காலையில் மைனரின் காதில் உண்ணி பிடுங்கப் போய்க் கையில் கடி வாங்கிய செல்லமுத்து, செட்டிகுளம் முருகனிடம் முன்கூட்டியே மன்னிப்பு கேட்டுக்கொண்டார். அங்கே சாமி கையில் இருப்பது கரும்பு. அடித்தாலும் இனிப்பாகத்தான் அடிப்பார்.

“தெருநாய்தாங்க சிஸ்டர்.”

“காயத்துல என்னத்த அப்பி வச்சிருக்கீங்க?”

“மஞ்சத்தூளு. கொஞ்சம் மொளகாத்தூளு.”

“உப்பு மட்டுந்தான் போடல. எண்ணெயக் காய வச்சிரலாமா?”

குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வைத்தாள் சுகன்யா. சிவந்திருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டாள். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினாலும், வீங்கிச் சீழ் வைத்தாலும், காய்ச்சல் அடித்தாலும் உடனே ஓடிவரச் சொன்னாள்.

“தெருநாய்ங்கிறீங்க. அப்ப கையில போடுற ஊசி போதாது, காயத்துக்குள்ளயும் போடணும். வலி உசுரு போவும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தெருநாய்தானா?”

செல்லமுத்து கண்ணை மூடினார். செந்துறை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் மைனர் தனியாக உட்கார்ந்திருந்தது.

“தெருநாயேதான்.”

ஊசி இறங்கியது. “முருகா” என்று கூப்பிட வாயைத் திறந்தவர், “ஏ சித்ரா!” என்று அலறிவிட்டார்.

ஜெயசித்ரா பாய்ந்து வந்தாள். அவர் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். முந்தானை நழுவியது.

சுகன்யா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“நீங்க ஏம்மா இன்னைக்கே வந்துட்டீங்க? உங்களுக்கு அடுத்த ஊசி வெள்ளிக்கெழமதானே?”

செல்லமுத்து வலியை மறந்து மனைவியை அண்ணாந்து பார்த்தார்.

அவள் சுவரைப் பார்த்தாள்.

“எங்க தெருவுல நாய்த்தொல்ல தாங்கல சிஸ்டர்.”