இனிஷியல் கோளாறு

கல்லூரி நூலகக் கணினி இப்போதெல்லாம் ஆய்விதழ்க் கட்டுரைகளை நிஜமாக எழுதியவர் பெயரில் மட்டுமே காட்டுகிறது. அது தெரியாமல், விருதுக்கு அனுப்பத் தன் கட்டுரைகளைக் கேட்டு வந்து நின்றார் பேராசிரியர் நயினார். நூலகர் பூங்கோதை ஒருகாலத்தில் அவருடைய ஆய்வு மாணவி. தன் கட்டுரைகளின் நன்றிக் குறிப்பில்கூட அவள் பெயரைப் போடாதவர் அவர்.

அவர் பெயரைத் தட்டினாள். ஒன்றுமே வரவில்லை.

“இனிஷியலப் பின்னாடி போட்டுப் பாரும்மா. இந்தச் சனியன் அதுலதான் எப்பவும் குழம்பும்.”

முன்னால், பின்னால், புள்ளி வைத்து, வைக்காமல் என்று ருசித்து ருசித்துத் தேடினாள். ம்ஹூம். வரிசையில் நின்ற மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“சார்,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “என் பேரப் போட்டுப் பாக்கட்டுமா?”