திறக்காத பானட்

“பெயின்ட் பரவாயில்லை. ஆனா கதவு இடுக்கு ஒரு நூல் அதிகம்” என்றார் வெர்லின்.

புருஷனைப் புதைத்து மாதம்கூட ஆகாத பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? லொரேட்டா ஷெட்டில் இன்னொரு விளக்கைப் போட்டாள்.

எழுபதாம் வருஷத்து ஷெவெல் கார். கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாத நிறம். குனிந்தால் என் மீசையில் இருக்கிற நரை வரைக்கும் அதில் தெரிந்தது. துருப்பிடித்த கூடாக வாங்கி வந்து, அவள் புருஷன் கிளைட் ஒவ்வொரு திருகாகக் கழற்றிச் செய்து முடித்தது. எங்கள் இண்டியானாவில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

வெர்லின் மட்டும் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டு வண்டி உடம்பெல்லாம் ஒட்டிப் பார்த்தார். பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் டக்டக்கென்று ஒட்டியது. அதிலும் அவருக்கு வருத்தம்தான் போலிருந்தது.

“யோவ், போதும்யா” என்று முணுமுணுத்தேன். வண்டியை வாங்கி ஏற்றிப் போக என் டிரெய்லர் வேண்டும் என்றுதான் என்னைக் கூட்டி வந்திருந்தார்.

“நீ சும்மா இரு. இரவல் இன்ஜின்காரன்லாம் இதுல பேசக்கூடாது.”

சுருக்கென்றது. ஃபேக்டரியில் வண்டிக்குப் போட்ட நம்பரே இன்ஜினிலும் இருந்தால்தான் பழைய கார் சேர்க்கிற எங்கள் ஆட்கள் ஒரு வண்டியை மதிப்பார்கள். என்னுடையதில் இருப்பது வேறு வண்டியின் இன்ஜின். போன வருஷக் கண்காட்சியில் நாலு பேர் எதிரே டார்ச் அடித்துக் காட்டி என் மானத்தை வாங்கியவர் இந்த மனுஷன்.

லொரேட்டா மெதுவாகப் பேசினாள். “இந்த இன்ஜின் இந்த வண்டியோடயே பொறந்ததுன்னு கிளைட் சொல்வார். அதுக்காகத்தான் வெறும் துருவை அவ்வளவு விலை கொடுத்து வாங்கினார். ‘எவனோ உன் தலையில மிளகாய் அரைச்சுட்டான்’னு அவர் தம்பி கடைசி வரைக்கும் சிரிச்சான். ஆஸ்பத்திரியிலகூட.”

கையிலிருந்த துண்டைக் கசக்கினாள்.

“எனக்குப் பணம் அப்புறம். அவர் ஏமாந்துதான் போனாரான்னு பார்த்துச் சொல்லுங்க.”

வெர்லின் பானட்டைத் திறந்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது.

“அச்சு அசல். உங்க வீட்டுக்காரர் ஏமாறலைம்மா.”

அவள் அழுதுவிட்டாள். அவள் கேட்ட விலையை அப்படியே கொடுத்தார். வெர்லின் பேரம் பேசவில்லை என்றால், விபரம் தெரியாத அந்தம்மா அடிமாட்டு விலை சொல்லியிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? எனக்கு வயிறு எரிந்தது.

இன்ஜினை முடுக்கினார். ஷெட்டின் தகரச் சுவர் நடுங்கியது. என் நெஞ்சுக்கூடும்தான்.

ஆகஸ்டில் கண்காட்சி வந்தது. மைதானத்தில் எல்லா வண்டியும் பானட்டைத் திறந்துவைத்து நின்றன. மூடி வைத்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஷெவெல் மட்டும் மூடிக் கிடந்தது. அப்படியும் அதைச் சுற்றித்தான் கூட்டம். தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தர் வாங்கின விலைக்கு இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார்.

“விக்கிறதுக்கில்லை” என்றார் வெர்லின்.

லொரேட்டாவும் வந்திருந்தாள், கிளைட்டின் தம்பியோடு. வண்டியைக் கண்காட்சியில் வைக்கச் சொல்லி வெர்லினைக் கேட்டதே அவள்தான். முதல் பரிசு இதற்குத்தான் என்று மைதானமே பேசியது. நடுவர் வந்தார்.

“பானட்டைத் திறங்க. இன்ஜின் நம்பரைப் பார்க்கணும்.”

“திறக்காது. பூட்டு சிக்கிக்கிச்சு.”

“அப்ப பரிசுக்கு எடுத்துக்க முடியாதே!”

“வேண்டாம்.”

“ஊர் வண்டிக்கெல்லாம் டார்ச் அடிச்ச ஆளு, தன்னோடதை மூடி வெச்சிருக்காரு பாரு!” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

“பார்த்தீங்களா அண்ணி? உள்ள ஏதோ வில்லங்கம்னு நான் அப்பவே சொன்னேன்” என்றான் தம்பி.

“இவரே பார்த்துச் சொன்னாரேப்பா...” என்றாள் லொரேட்டா.

எனக்குத் தாங்கவில்லை. ஒரு பெண்ணின் சந்தோஷத்தைவிட இந்த ஆளுக்கு என்ன வீம்பு? கூட்டம் கலைந்து லொரேட்டாவும் தம்பியும் நிழலுக்குப் போனதும், அவளுக்கு எலுமிச்சைச் சாறு வாங்க வெர்லின் நகர்ந்தார். அடுத்தவன் வண்டியில் விரல் வைப்பது எங்களிடையே பெரிய குற்றம். வைத்தேன்.

பானட் வெண்ணெய் மாதிரி திறந்துகொண்டது.

இன்ஜினில் வெட்டியிருந்த நம்பரைப் படித்தேன். முன்கண்ணாடிக்கு அடியில் இருந்த வண்டி நம்பரைப் படித்தேன். திரும்பவும் இரண்டையும் படித்தேன்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

ஒவ்வொரு திருகையும் கழற்றி மாட்டிய கிளைட்டுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பெண்டாட்டியிடம் சொல்ல மனசு வரவில்லை. வெர்லினுக்கும் வரவில்லை. முழு விலையும் கொடுத்துவிட்டு, இனி விற்கவும் முடியாமல், ஊர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

காலடிச் சத்தம் கேட்டது. பானட்டை மூடி இரண்டு கையாலும் அழுத்தினேன். மனசு இளகிப்போய், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நடுவர் லொரேட்டாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“என்னங்க, ஏதாவது அசைஞ்சுதா?” என்றார்.

“நானும் முட்டிப் பார்த்துட்டேன் சார். சுத்தமா சிக்கிக்கிச்சு” என்றேன். பிறகு லொரேட்டா பக்கம் திரும்பினேன். “நம்பரைப் பத்திக் கவலையே படாதீங்கம்மா. இரவல் இன்ஜினா இருந்தா வெர்லின் கண்ணுக்குத் தப்பவே தப்பாது.”