பூத்துப்போன தக்கைப்பூண்டு

எருவுக்காக விதைக்கும் தக்கைப்பூண்டைப் பூக்கும்முன் மடக்கி உழுதுவிட வேண்டும். காற்றிலிருக்கும் சத்தை அது வேர்முடிச்சில் சேர்த்து வைப்பதெல்லாம் அடுத்து வரும் நெல்லுக்குத்தான். பூக்க விட்டால் தண்டு விறகாகிவிடும். சீனிச்சாமி வந்து பார்த்தபோது வயல் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வரப்பில் குருவம்மா உட்கார்ந்திருந்தாள். செங்கல் சுமந்து அவனைப் படிக்க வைத்து, பெண்டாட்டியும் கட்டிவைத்த அக்கா.

"உழச் சொன்னேம்லாக்கா. ஏன் விட்ட?"

"ஒரு வருசமாச்சும் பூத்துட்டுப் போட்டும்னு விட்டேன்."

"கொத்தனார் மாடக்கண்ணைக் கட்டப் போறியாமே? இந்த வயசுல கல்யாணம் கேக்குதோ? நீ போயிட்டா வயக்காட்ட யாரு பாப்பா? ஊரு சிரிக்காதா?"

ஊர் சிரிக்கும் முன்னே அவனே சிரித்தான். குருவம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, கொழுத்த கன்னம். நல்ல விளைச்சல்தான்.

"எருவுல வளந்த நெல்லுக்கு எருவைக் கண்டா சிரிப்பாத்தாம்ல இருக்கும்" என்று காறித் துப்பினாள்.

அவன் வீம்புக்குத் தான் ஓட்டி வந்த டிராக்டரை வயலில் இறக்கினான். பத்தடி போவதற்குள் முற்றிய தண்டுகள் கலப்பையில் சுற்றிக்கொள்ள, வண்டி உறுமி நின்றது.

"யக்கா, அந்த அரிவாள எடுத்துட்டு வா!"

அரிவாள் அவள் காலடியில்தான் கிடந்தது. குருவம்மா எழுந்து, அதைத் தாண்டி, ரோட்டைப் பார்த்து நடந்தாள்.