டிரம்முக்கு முன்னால்

சிகாகோ மதுக்கடையின் அழுக்குக் கண்ணாடி வழியாக ஞாயிறு மாலை வெயில் டிரம்மின் மேல் விழுகிறது. பக்கவாதத்தில் இடது கை மரத்துப்போன பின், இன்றுதான் லோன்சோ மறுபடி டிரம் வாசித்துக்கொண்டே ப்ளூஸ் பாட்டுப் பாடுகிறான். வாசிக்க முடியாவிட்டால் அந்த இருக்கை அவனுக்கு இல்லை. பின்பாக்கெட்டில் குச்சிகளுடன் இன்னொரு டிரம்மர் காத்திருக்கிறான். மனைவி ஓசெல்லா கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். மூன்றாம் பாட்டில் லோன்சோவின் குச்சி நழுவுகிறது. கிடார்க்காரர் கண்ணசைக்க, பாட்டு நிற்காமலே ஆள் மாறுகிறது. "முன்னாடி வாய்யா லோன்சோ! முப்பது வருஷமா குரலைத்தான் கேக்குறோம், டிரம்முக்குப் பின்னாடி உன் மூஞ்சிய யாரு பாத்தா!" என்று ஒருவன் கத்த, கடையே சிரிக்கிறது. "நிறுத்திடாத லோன்சோ, பாடு" என்கிறாள் ஓசெல்லா. அவன் முன்னால் வந்து பாடுகிறான். குரலில் ஒரு குறையுமில்லை. வலது கால் மட்டும், அங்கே இல்லாத டிரம் பெடலை, வெறுந்தரையில் விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறது.